ஓட ஓட ஏறும் மெமரி, முடியும்போது கிராஷ்: சிமுலேஷன் மென்பொருளில் அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

சிமுலேஷன் முழுதாக ஓடி முடிகிறது. கடைசி வரி வரை முடிவுகள் திரையில் வந்துவிடுகின்றன. அடுத்த வரியில் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ (தொடக் கூடாத மெமரியைத் தொட்டதால் புரோகிராம் விழுவது). முடிவுதான் வந்துவிட்டதே என்று பலரும் இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. கோப்பில் எழுதுவது பெரும்பாலும் பஃபர் (தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் மெமரி) வழியாக நடக்கிறது. மூடும் நேரத்தில் புரோகிராம் விழுந்தால் கடைசி பஃபர் வட்டுக்குப் போய்ச் சேராது. கோப்பின் கடைசிச் சில வரிகள் காணாமல் போனது தெரியாமலே வரைபடம் போட்டு முடித்துவிடுவோம். அளவுருக்களை மாற்றி மாற்றி நூறு முறை ஓட்டும் ஸ்கிரிப்ட் இருந்தால், அது ஒவ்வொரு ஓட்டத்தையும் தோல்வி என்றே குறித்துவைக்கும். இதையெல்லாம் விடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு: மூடும்போது வெளிப்படும் ஹீப் (ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரி) சிதைவு, பல நேரம் ஓட்டத்தின் நடுவிலேயே நடந்து முடிந்திருக்கும். அப்படியானால் திரையில் வந்த எண்களையே நம்ப முடியாது.

மெமரி லீக்கையும் (விடுவிக்கப்படாமல் தேங்கும் மெமரி) எக்ஸிட் கிராஷையும் (முடியும்போது விழுவது) சேர்த்தே எழுதுகிறேன். இரண்டுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த ஆப்ஜெக்ட்டை அழிக்கும் பொறுப்பு யாருடையது? யாருக்கும் பொறுப்பில்லை என்றால் லீக். இரண்டு பேருக்குப் பொறுப்பு என்றால் டபுள் ஃப்ரீ. ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் அழித்துவிட்டால் யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ. லீக்கைச் சரிசெய்ய ஒரு டெலீட் வரியைச் சேர்த்ததும் கிராஷ் முளைப்பதும், கிராஷுக்குப் பயந்து அந்த வரியை எடுத்ததும் லீக் திரும்பி வருவதும் இதனால்தான்.

சி++-இல் எழுதப்பட்ட, லினக்ஸில் ஓடும் சிமுலேட்டர்களை மனத்தில் வைத்தே எல்லாவற்றையும் சொல்கிறேன். உதாரணங்கள் என்எஸ்-3, ஆம்நெட்++ என்ற நெட்வொர்க் சிமுலேட்டர்கள், ஜியான்ட்4 என்ற துகள் இயற்பியல் சிமுலேட்டர் ஆகியவற்றிலிருந்து வரும். மற்றவற்றுக்கும் முறை அதேதான்.

தேடத் தொடங்கும் முன்

கம்பைல் செய்யும்போது டீபக் தகவல் இருக்கட்டும், ஆப்டிமைசேஷன் ‘ஓ1’ அளவில் நிற்கட்டும், ஃப்ரேம் பாயின்டரை விட்டுவிடாதே என்ற ஃப்ளாக்கும் சேரட்டும். இதோடு அட்ரஸ் சானிடைசரை (மெமரியைத் தவறாகத் தொடுவதை ஓடும்போதே பிடிக்கும் கருவி) சேர்த்து ஒரு தனி பில்ட் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் ஏறக்குறைய இரண்டு மடங்கு மெதுவாகும், அவ்வளவுதான். வால்கிரைண்ட் என்ற மெமரிச் சோதனைக் கருவியில் அதே ஓட்டம் 20 முதல் 30 மடங்கு வரை மெதுவாகும். ஆனால் அதற்கு மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை, துவக்கப்படாத மெமரியைப் படிப்பதையும் அது பிடித்துக்கொடுக்கும். இரண்டையும் ஒரே பைனரியில் சேர்த்து ஓட்ட முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அப்புறம், சிமுலேஷனைச் சுருக்குங்கள். 500 நோடு இருந்தால் 2 நோடு ஆக்குங்கள். ரேண்டம் சீடை நிலையாக வையுங்கள். த்ரெட் எண்ணிக்கையை 1 ஆக்கிப் பாருங்கள். அப்போதும் பிழை வந்தால் வேலை பாதி குறைந்தது. கோர் டம்ப் (விழுந்த கணத்தின் மெமரிப் பதிவு) எழுத அனுமதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பல கணினிகளில் அதன் அளவு வரம்பு பூஜ்யமாகவே இருக்கும்.

கிராஷும் லீக்கும் சேர்ந்தே இருந்தால் கிராஷை முதலில் எடுங்கள். அட்ரஸ் சானிடைசரோடு வரும் லீக் சானிடைசர் தன் சோதனையைப் புரோகிராம் முடியும் தறுவாயில்தான் செய்கிறது. அதற்குள் புரோகிராம் விழுந்துவிட்டால் லீக் அறிக்கையே வராது. அறிக்கை வரவில்லை என்பதை லீக் இல்லை என்று எடுத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

அறிகுறி: 139, 134, 137

எக்ஸிட் கோடு 128-க்கு மேல் இருந்தால் அதிலிருந்து 128-ஐக் கழியுங்கள். 139 என்றால் சிக்னல் 11, அதாவது செக்மென்டேஷன் ஃபால்ட். 134 என்றால் சிக்னல் 6, அபார்ட்: ஜிலிப்சியோ (லினக்ஸின் சி லைப்ரரி) சி++ ரன்டைமோ தானே பிழையைக் கண்டு நிறுத்தியிருக்கிறது. 137 என்றால் சிக்னல் 9, வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள். பெரும்பாலும் அது மெமரி தீர்ந்ததும் கெர்னல் செய்த வேலை. கெர்னல் பதிவைத் திறந்தால் கொல்லப்பட்ட புரோகிராமின் பெயர் இருக்கும். 137-ஐ கிராஷ் என்று நினைத்து டீபக்கரில் தேடுவது வீண். அது லீக்கின் கடைசிக் கட்டம், நேராகக் கீழே உள்ள மெமரிப் பகுதிகளுக்குப் போங்கள்.

அறிகுறி: எல்லாம் முடிந்தபின் விழுகிறது, பேக்ட்ரேஸில் மெயினே இல்லை

எக்ஸிட் கிராஷில் அதிகம் கண்ணில் படுவது இந்த வகைதான். கோர் டம்பை ஜிடிபி என்ற டீபக்கரில் திறந்து பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷனை எது அழைத்தது என்ற பட்டியல்) எடுங்கள், அதைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். அடியில் ‘எக்ஸிட்’ என்ற ஃபங்ஷன், அதற்கு மேல் ‘ரன் எக்ஸிட் ஹேண்ட்லர்ஸ்’, சில நேரம் ‘டிஎல் ஃபினி’ அல்லது ‘சிஎக்ஸ்ஏ ஃபைனலைஸ்’. இவை தெரிந்து, உங்கள் மெயின் ஃபங்ஷன் பட்டியலிலேயே இல்லை என்றால், மெயின் ஏற்கெனவே திரும்பிவிட்டது. இப்போது நடப்பது குளோபல், ஸ்டாட்டிக் ஆப்ஜெக்ட்டுகளின் அழிப்பு. அதற்கு மேலே இருக்கும் முதல் டிஸ்ட்ரக்டர்தான் (ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் ஃபங்ஷன்) நீங்கள் தேடும் ஆள்.

ஒரு மாதிரியைக் கிட்டத்தில் பார்ப்போம். புள்ளிவிவரம் சேர்க்கும் ஒரு கலெக்டர் ஆப்ஜெக்ட் குளோபலாக இருக்கிறது. அதன் டிஸ்ட்ரக்டர் ‘மொத்தம் இத்தனை பாக்கெட்’ என்று ஒரு லாகரிடம் எழுதச் சொல்கிறது. லாகரும் குளோபல், ஆனால் வேறொரு கோப்பில் இருக்கிறது. ஒரே சோர்ஸ் கோப்புக்குள் இருக்கும் குளோபல்கள் உருவான வரிசைக்கு நேர்மாறாக அழியும் என்று சி++ உறுதி தருகிறது. இரண்டு வெவ்வேறு கோப்புகளுக்கு இடையே எது முதலில் உருவாகும் என்பதற்கு அப்படி உறுதி இல்லை. லாகர் முதலில் அழிந்துவிட்டால், கலெக்டரின் டிஸ்ட்ரக்டர் செத்துப்போன லாகரின் மேப்பில் தேடப் போய் விழுகிறது. பேக்ட்ரேஸின் உச்சியில் ஸ்டாண்டர்டு லைப்ரரியின் மேப் ஃபங்ஷன் தெரிவதால் பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். இரண்டு படி கீழே இறங்கினால் கதை விளங்கும். லிங்க் வரிசை மாறினால் இந்த அழிப்பு வரிசையும் மாறலாம், அதனால்தான் ஒரு கணினியில் வருவது இன்னொன்றில் வருவதில்லை.

இதைச் சரிசெய்ய மூன்று வழி உண்டு, மூன்றும் சமமல்ல.

எளிய வழி: லாகரை ஃபங்ஷனுக்குள் இருக்கும் ஸ்டாட்டிக் ஆக்கி, கலெக்டரின் கன்ஸ்ட்ரக்டரில் அதை ஒருமுறை அழைத்துவிடுவது. லாகர் முதலில் உருவாகி முடிந்துவிடும், ஆகவே கலெக்டருக்குப் பிறகுதான் அழியும். ஒரு வரி மாற்றம்தான். ஆனால் அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது என்று கமென்ட் எழுதாவிட்டால் அடுத்தவர் தேவையில்லாத வரி என்று நினைத்து எடுத்துவிடுவார்.

இரண்டாவது வழி, லாகரை நியூ மூலம் உருவாக்கி, ஸ்டாட்டிக் பாயின்டரில் வைத்து, அழிக்காமலே விட்டுவிடுவது. குளோபல் பாயின்டர் ஒன்று கடைசி வரை அதைச் சுட்டிக்கொண்டிருப்பதால் லீக் சானிடைசர் இதைப் புகாராகச் சொல்லாது. வால்கிரைண்ட் ‘ஸ்டில் ரீச்சபிள்’ என்று சொல்லிவிட்டுப் போகும். இதில் தவறில்லை. ஆனால் டிஸ்ட்ரக்டர் ஓடாது என்பதால் பஃபரை நீங்களே ஃப்ளஷ் செய்ய வேண்டும்.

மூன்றாவது, நான் எப்போதும் பரிந்துரைப்பது: மெயின் முடியும் முன்பே, வெளிப்படையாக, ஒரு ஷட்டவுன் ஃபங்ஷனை அழைத்து எல்லாவற்றையும் நீங்கள் விரும்பும் வரிசையில் அழிப்பது. என்எஸ்-3-இல் சிமுலேட்டரின் டிஸ்ட்ராய் ஃபங்ஷன் இதற்காகத்தான் இருக்கிறது. அதை அழைக்க மறந்த ஸ்கிரிப்டுகள் லீக் அறிக்கையில் நூற்றுக்கணக்கான வரிகளைக் கொட்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: நோடு அல்லது சாதனத்தைச் சுட்டும் ஸ்மார்ட் பாயின்டரைக் குளோபலாக வைத்திருந்தால், டிஸ்ட்ராய் முடிந்தபின்னும் அந்த ஆப்ஜெக்ட் உயிரோடு இருக்கும், சிமுலேட்டரே இல்லாத உலகில் அதன் டிஸ்ட்ரக்டர் ஓடும். குளோபலை எடுத்து மெயினுக்குள் வையுங்கள்.

டிஸ்ட்ரக்டர்களே ஓடாமல் நேராக வெளியேறும் குறுக்கு வழியும் உண்டு. சி++11 முதல் ‘குயிக் எக்ஸிட்’ என்று ஒரு ஃபங்ஷனே இருக்கிறது. உங்கள் சொந்த ஸ்கிரிப்டின் முடிவில், எல்லாக் கோப்பையும் மூடிவிட்டு அதை அழைப்பதில் எனக்கு மறுப்பில்லை. பிறர் பயன்படுத்தும் லைப்ரரிக்குள் அதை வைக்கவே கூடாது. அழைத்தவரின் கோப்புகளும் அதோடு போய்விடும்.

அறிகுறி: ‘டபுள் ஃப்ரீ ஆர் கரப்ஷன்’, ‘ஃப்ரீ: இன்வேலிட் பாயின்டர்’

இந்த வரிகளை எழுதுவது ஜிலிப்சி. அது பிழையைக் கண்டுபிடித்த இடம் வேறு, பிழை நடந்த இடம் வேறு. பேக்ட்ரேஸை மட்டும் பார்த்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவதை விட, அட்ரஸ் சானிடைசர் பில்டை ஓட்டுங்கள். அது மூன்று ஸ்டேக்குகளைத் தரும்: இப்போது தொட்டது யார், முன்பு விடுவித்தது யார், முதலில் ஒதுக்கியது யார். நடுவில் இருப்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும். விடுவித்தவருக்கு அந்த உரிமை இருந்ததா என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அந்த உரிமையைப் பற்றி ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி விதி இருக்கிறது. ஜியான்ட்4-இல் ரன் மேனேஜரிடம் ஒப்படைத்த டிடெக்டர் கன்ஸ்ட்ரக்ஷன், பிசிக்ஸ் லிஸ்ட், யூசர் ஆக்ஷன்கள் எல்லாம் ரன் மேனேஜருக்கே சொந்தம். அதை அழித்தால் அவையும் அழியும். மெயினில் அவற்றை மறுபடி டெலீட் செய்தால் டபுள் ஃப்ரீ. அதோடு வரும் உதாரண நிரல்களின் கடைசியில் இதையே கமென்டாக எழுதியிருக்கிறார்கள்.

சிமுலேஷன் முடிவுகளை ரூட் மென்பொருளின் ஹிஸ்டோகிராமில் சேர்ப்பவர்கள் இன்னொரு விதியில் மாட்டுவார்கள். கோப்பு திறந்திருக்கும்போது உருவாக்கிய ஹிஸ்டோகிராம் வழக்கமாக அந்தக் கோப்புக்குச் சொந்தம். கோப்பை மூடினால் ஹிஸ்டோகிராமும் போய்விடும். உங்கள் கிளாஸ் அதை யூனிக் பாயின்டரில் வைத்திருந்தால் மூடும்போது நிச்சயம் விழும். உருவாக்கியதுமே ‘செட் டைரக்டரி’யில் நல் பாயின்டரைக் கொடுத்து உறவை வெட்டிவிடுங்கள், பிறகு அது முழுக்க உங்களுடையது.

பைதான் வழியாக ஓட்டும் சிமுலேட்டர்களில் சி++ நிரலைப் பைதானோடு இணைக்கும் பைபைண்ட்11 இருந்தால், வெறும் பாயின்டரைத் திருப்பித் தரும் ஃபங்ஷன்களைப் பாருங்கள். எதுவும் குறிப்பிடாவிட்டால் அந்த ஆப்ஜெக்ட்டைப் பைதான் தன் சொத்தாக எடுத்துக்கொள்ளும். சி++ பக்கமும் அதை அழிக்கும். இன்டர்பிரிட்டர் மூடும் நேரத்தில் வரும் மர்மமான கிராஷ்களில் இது அடிக்கடி தென்படுகிறது. ரிட்டர்ன் பாலிசியை ‘ரெஃபரன்ஸ்’ என்று மாற்றுங்கள். பெற்ற ஆப்ஜெக்ட் உயிரோடு இருக்கும்வரை தந்த ஆப்ஜெக்ட்டும் இருக்க வேண்டுமென்றால் ‘ரெஃபரன்ஸ் இன்டர்னல்’.

மற்றவை வழக்கமானவை. ஒரே வெறும் பாயின்டரிலிருந்து இரண்டு ஷேர்டு பாயின்டர் உருவாக்குவது. பாயின்டர் வைத்திருக்கும் ஸ்ட்ரக்டுக்கு காப்பி கன்ஸ்ட்ரக்டர் எழுதாமல் வெக்டரில் போடுவது. பேஸ் கிளாஸின் டிஸ்ட்ரக்டரை விர்ச்சுவல் ஆக்காமல் அதன் வழியே அழிப்பது. இந்தக் கடைசி வகையை அட்ரஸ் சானிடைசர் ‘நியூ டெலீட் டைப் மிஸ்மேட்ச்’ என்று பெயர் சொல்லியே காட்டிவிடும், இரண்டு கிளாஸின் அளவும் வேறாக இருக்கும் பட்சத்தில்.

அறிகுறி: பேக்ட்ரேஸ் முழுக்கக் கேள்விக்குறிகள்

டீபக் தகவலோடுதான் கம்பைல் செய்தீர்கள், ஆனாலும் விழுந்த இடம் வெறும் கேள்விக்குறி. பிளகின் பயன்படுத்தும் சிமுலேட்டர் என்றால், பிளகின் லைப்ரரி முன்பே இறக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதில் உருவான ஆப்ஜெக்ட் இன்னும் இருக்கிறது, ஆனால் அதன் விர்ச்சுவல் டேபிளும் டிஸ்ட்ரக்டரும் இருந்த பக்கங்கள் மெமரியிலிருந்தே போய்விட்டன. ஜிடிபியில் ஏற்றப்பட்ட லைப்ரரிகளின் பட்டியலைக் கேட்டு, உங்கள் பிளகின் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சந்தேகம் தீர்ந்தது. ஆப்ஜெக்ட்டுகள் முதலில், லைப்ரரி பிறகு. கிளாஸில் மெம்பர்கள் எழுதிய வரிசைக்கு நேர்மாறாக அழியும் என்பதால், லைப்ரரி ஹேண்டில் மெம்பரை ஆப்ஜெக்ட் பட்டியலுக்கு மேலே எழுதினாலே பல இடங்களில் இது சரியாகிவிடும்.

லீக் அறிக்கையிலும் இதே கேள்விக்குறி வரும், காரணமும் இதேதான். வால்கிரைண்டில் ‘கீப் டீபக் இன்ஃபோ’ என்ற விருப்பத்தைப் போடுங்கள். சானிடைசர் பில்டில், லைப்ரரியை இறக்கும் அழைப்பைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

அறிகுறி: எம்பிஐ, த்ரெட் தொடர்பான குறிப்போடு முடிகிறது

எம்பிஐ (பல புரோசஸ்கள் தமக்குள் செய்தி பரிமாற உதவும் லைப்ரரி) ஃபைனலைஸ் ஆனபின் ஒரு எம்பிஐ ஃபங்ஷன் அழைக்கப்பட்டது என்று செய்தி வந்தால், கம்யூனிகேட்டரை வைத்திருக்கும் ஏதோ ஓர் ஆப்ஜெக்ட் தாமதமாக அழிகிறது. மெயினில் ஃபைனலைஸ் அழைப்புக்கு மேலே இருக்கும் எல்லாவற்றையும் ஒரு ஜோடி நெளிவு அடைப்புக்குள் போட்டுவிடுங்கள். அடைப்பு மூடும்போதே எல்லாம் அழிந்துவிடும், ஃபைனலைஸ் அதற்குப் பிறகு வரும்.

‘டெர்மினேட் கால்ட் வித்அவுட் அன் ஆக்டிவ் எக்ஸெப்ஷன்’ என்று வந்தால், ஜாயின் செய்யாத த்ரெட் ஒன்றின் டிஸ்ட்ரக்டர் ஓடியிருக்கிறது. அதற்கு டிட்டாச் தீர்வல்ல. டிட்டாச் செய்த த்ரெட் மெயின் முடிந்த பின்னும் ஓடி, அழிந்துகொண்டிருக்கும் குளோபல்களைத் தொடும். செய்தி மறைந்து, பத்தில் ஒரு முறை வரும் கிராஷாக அது மாறும். ஜாயின் செய்யுங்கள்.

அறிகுறி: மெமரி ஏறுகிறது, லீக் செக்கரும் பட்டியல் தருகிறது

பட்டியல் ஆயிரம் வரி இருக்கும். எங்கிருந்து தொடங்குவது? சிமுலேஷனுக்கு என்றே ஒரு வசதி இருக்கிறது: ஓடும் நேரம் நம் கையில். அதே சிமுலேஷனை 0 விநாடி, 10 விநாடி, 20 விநாடி என்று மூன்று முறை ஓட்டுங்கள். 0 விநாடியிலேயே வரும் லீக், அமைப்பின்போது ஒரே முறை நடப்பது. ஒழுங்குக்குக் கேடு, ஆனால் மெமரியைத் தின்பது அதுவல்ல. 10-க்கும் 20-க்கும் இடையே இரட்டிக்கும் வரிகள்தான் குற்றவாளிகள்.

உதாரணமாக 10 விநாடியில் 4,80,000 பைட், 10,000 பிளாக். 20 விநாடியில் 9,60,000 பைட், 20,000 பிளாக். ஒரு பிளாக் 48 பைட். இப்போது கேட்க வேண்டியது: 10 விநாடியில் எது 10,000 முறை நடந்தது? அனுப்பிய பாக்கெட் 10,000 என்றால் ஒரு பாக்கெட்டுக்கு ஓர் ஆப்ஜெக்ட் தப்புகிறது. டிராப் ஆன பாக்கெட் 10,000 என்றால் டிராப் செய்யும் கிளையில் டெலீட் இல்லை. எண்களைப் பொருத்திப் பார்க்கும் இந்த வேலை, நிரலை வரி வரியாகப் படிப்பதை விட வேகமாக இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

வால்கிரைண்டின் நான்கு வகைகளில் ‘டெஃபனட்லி லாஸ்ட்’ முதலில். ‘இன்டைரக்ட்லி லாஸ்ட்’ அதன் குழந்தைகள். தலையைச் சரிசெய்தால் தானே போகும். ‘ஸ்டில் ரீச்சபிள்’ நேரத்தோடு வளராதவரை கடைசியில் பார்க்கலாம்.

லீக் சானிடைசரில் ஒரு நுட்பம். அறிக்கையில் ‘டைரக்ட் லீக்’ ஒன்றுகூட இல்லாமல் ‘இன்டைரக்ட் லீக்’ மட்டுமே இருந்தால், ஆப்ஜெக்ட்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வட்டமாக நிற்கின்றன. நோடு சாதனத்தை வைத்திருக்கிறது, சாதனம் நோடை வைத்திருக்கிறது, இரண்டின் எண்ணிக்கையும் பூஜ்யத்துக்கு இறங்காது. ஷேர்டு பாயின்டர் என்றால், திரும்பிப் பார்க்கும் திசையை வீக் பாயின்டராக மாற்றுங்கள்.

என்எஸ்-3-இல் இந்த வட்டத்தை உடைக்கவே ‘டூ டிஸ்போஸ்’ இருக்கிறது. உங்கள் கிளாஸ் வைத்திருக்கும் பாயின்டர்களை அதில் நல் ஆக்கி, கடைசியில் பேரன்ட் கிளாஸின் டூ டிஸ்போஸை அழைக்க வேண்டும். அந்தக் கடைசி அழைப்பை விட்டுவிட்டால், உங்கள் கிளாஸ் சரியாக இருந்தும் பேரன்ட் பிடித்திருப்பவை எல்லாம் லீக் ஆகும். இன்னொரு பொறியும் அங்கேயே இருக்கிறது. நியூ செய்த பாயின்டரை நேராக ஸ்மார்ட் பாயின்டருக்குக் கொடுத்தால் அதன் எண்ணிக்கை 2-இல் தொடங்கும்: ஆப்ஜெக்ட் பிறக்கும்போதே 1, பாயின்டர் தன் பங்குக்கு இன்னொன்று. அது ஒருபோதும் 0-வுக்கு வராது. கிரியேட், கிரியேட் ஆப்ஜெக்ட் என்ற ஃபங்ஷன்கள் வழியே மட்டும் உருவாக்குங்கள்.

ஆம்நெட்++ இதில் தாராளமாகவே உதவுகிறது. ஓட்டம் முடிந்ததும் அழிக்கப்படாத ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டையும் ‘அன்டிஸ்போஸ்டு ஆப்ஜெக்ட்’ என்று மாட்யூலின் முழுப் பாதையோடு எழுதி, மாட்யூல் டிஸ்ட்ரக்டரைப் பார் என்றும் சொல்லும். பெரும்பாலும் அது டைமராகப் பயன்பட்ட செல்ஃப் மெசேஜ். டிஸ்ட்ரக்டரில் ‘கேன்சல் அண்டு டெலீட்’ போட்டால் தீரும். கன்ஸ்ட்ரக்டரில் அந்தப் பாயின்டரை நல் ஆக்கிவைக்கவும் மறக்காதீர்கள். அமைப்பு பாதியில் பிழையோடு நின்றால், துவக்கப்படாத பாயின்டரை அழிக்கப் போய்ப் புது கிராஷ் வரும். மிச்சத்தைத் தானே அழிக்கும்படி ‘பெர்ஃபார்ம் ஜிசி’ என்று ஓர் அமைப்பும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அவர்களே சொல்கிறார்கள், அதை நானும் வழிமொழிகிறேன்.

அறிகுறி: மெமரி ஏறுகிறது, லீக் செக்கரோ சுத்தம் என்கிறது

இதுதான் பலரைத் திணறடிக்கும். 6 மணி நேர ஓட்டத்தில் மெமரி நூல் பிடித்தாற்போல் நேர்கோட்டில் ஏறுகிறது, முடிவில் ஒரு பைட் லீக் இல்லை. செக்கர் பொய் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் உரிமையாளர் இருக்கிறார், கடைசியில் ஒழுங்காக அழிக்கவும் செய்கிறார். நடுவில்தான் அழிப்பதில்லை.

வழக்கமான இடங்கள் தெரிந்தவை: ஒவ்வொரு மாதிரியையும் சேர்த்துக்கொண்டே போகும் வெக்டர், பழைய எண்களைத் தூக்கி எறியாத மேப், எழுதாமல் சேர்த்துவைக்கும் டிரேஸ். நிகழ்வு சார்ந்த சிமுலேட்டருக்கே உரிய இடம் ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

என்எஸ்-3-இல் ஒரு நிகழ்வை ‘கேன்சல்’ செய்தால் அது வரிசையிலிருந்து எடுக்கப்படுவதில்லை. ரத்து என்று ஒரு குறி மட்டும் விழுகிறது. அதன் நேரம் வரும்வரை வரிசையிலேயே கிடக்கும். வேகத்துக்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், பெரும்பாலான டைமர்களுக்கு அதுதான் சரியும்கூட. இப்போது 3,600 விநாடி கழித்துக் காலாவதி ஆகும் ஒரு டைமரை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பாக்கெட் வரும்போதும் பழைய டைமரை ரத்து செய்து புதிதாகத் தொடங்குகிறீர்கள். விநாடிக்கு 1,000 பாக்கெட். சிமுலேஷன் நேரத்தில் ஒரு மணி ஆகும்போது வரிசையில் 36 லட்சம் செத்த நிகழ்வுகள். நிகழ்வுக்கு ஆர்குமென்ட்டாக ஒரு பாக்கெட்டின் ஸ்மார்ட் பாயின்டரையும் கொடுத்திருந்தால், அந்தப் பாக்கெட்டும் அதுவரை அழியாது. ஒரு நிகழ்வுக்கு 100 பைட் என்று வைத்தாலே 360 மெகாபைட், பாக்கெட் கணக்கு தனி.

தீர்வு இரண்டு. கேன்சலுக்குப் பதில் ‘ரிமூவ்’ பயன்படுத்தினால் வரிசையிலிருந்தே எடுத்துவிடும், ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும். எனக்குப் பிடித்தது இரண்டாவது: டைமரை ரத்து செய்யவே வேண்டாம். கடைசியாகப் பாக்கெட் வந்த நேரத்தை ஒரு மாறியில் குறித்துக்கொள்ளுங்கள். டைமர் வெடிக்கும்போது அந்த நேரத்தைப் பார்த்து, இன்னும் கெடு முடியவில்லை என்றால் மிச்ச நேரத்துக்கு மட்டும் மறுபடி வையுங்கள். வரிசையில் எப்போதும் ஒரே ஒரு நிகழ்வு.

இந்த வகையைக் கண்டுபிடிக்க லீக் செக்கரை ஒதுக்கிவைத்துவிட்டு ஹீப் புரொஃபைலரை எடுங்கள். வால்கிரைண்டோடு வரும் மாசிஃப் போதும். ஹீப்டிராக் அதைவிட வேகம், வரைபடமும் தெளிவு. உச்ச மெமரி இருந்த கணத்தில் யார் எவ்வளவு வைத்திருந்தார் என்று மட்டும் பாருங்கள். அட்ரஸ் சானிடைசர் பில்டில் மெமரி ஏற்றத்தை அளக்காதீர்கள். விடுவித்த பிளாக்குகளை அது வழக்கமாக 256 மெகாபைட் வரை பிடித்து வைத்துக்கொள்ளும், அதுவே லீக் போலத் தெரியும்.

அறிகுறி: எல்லாவற்றையும் விடுவித்தும் எண் இறங்கவில்லை

சிமுலேஷனை அழித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குகிறீர்கள், ஆனால் ‘டாப்’ கட்டளை காட்டும் மெமரி எண் அப்படியே நிற்கிறது. ஃப்ரீ செய்த மெமரி உடனே கெர்னலுக்குத் திரும்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. சின்னச் சின்ன பிளாக்குகளை ஜிலிப்சி தன்னிடமே வைத்துக்கொள்ளும். பல த்ரெட் ஓடினால் தனித்தனி அரீனா (ஜிலிப்சி மெமரியைப் பிரித்து வைக்கும் தொகுதி) உருவாகும், 64 பிட் கணினியில் கோர் எண்ணிக்கையின் 8 மடங்கு வரை. மெமரியைத் திருப்பித் தரச் சொல்லும் ‘மாலாக் ட்ரிம்’ ஃபங்ஷனை ஓர் ஓட்டம் முடிந்ததும் அழைத்துப் பாருங்கள். எண் சடாரென்று இறங்கினால் அது லீக் அல்ல. த்ரெட் அதிகம் என்றால் அரீனா வரம்பைச் சூழல் மாறி மூலம் 2 ஆக்கி ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் மாற்றமில்லை, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அதே அளவு ஏறுகிறது என்றால் முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: அறிக்கையில் நம் நிரலே இல்லை

கிராபிக்ஸ் டிரைவர், எழுத்துரு லைப்ரரி, எம்பிஐ ஆகியவை தங்கள் பங்குக்கு நிறைய வரிகளைக் கொட்டும். சப்ரெஷன் கோப்பு எழுதி ஒதுக்குங்கள். ஓப்பன் எம்பிஐ வால்கிரைண்டுக்கான கோப்பைத் தன்னோடே கொண்டுவருகிறது. ஆனால் லைப்ரரியின் பெயரை மட்டும் வைத்து மொத்தமாக அடக்காதீர்கள். அந்த லைப்ரரி ஒதுக்கித் தந்ததை நீங்கள் விடுவிக்க மறந்திருந்தாலும் ஸ்டேக்கின் உச்சியில் அதன் பெயர்தான் இருக்கும்.

அறிக்கையே வராமல், பிட்ரேஸ் (ஒரு புரோசஸை இன்னொன்று கண்காணிக்கும் வசதி) பற்றி ஒரு செய்தியோடு நின்றால், நீங்கள் ஜிடிபிக்குள் ஓட்டுகிறீர்கள். அதற்குள் லீக் சானிடைசர் வேலை செய்யாது. கன்டெய்னரிலும் பிட்ரேஸ் அனுமதி இல்லையென்றால் இதே கதைதான்.

அறிகுறி: சென்ற பதிப்பில் இல்லை, இந்தப் பதிப்பில் இருக்கிறது

பிழை நுழைந்த கமிட்டைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் இருக்கும்போது யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 1,000 கமிட் இருந்தாலும் ஏறக்குறைய 10 படியில் இடம் தெரிந்துவிடும். தானாக ஓடவிடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பைசெக்ட் 0-வை நல்லது என்றும், 1 முதல் 127 வரை கெட்டது என்றும் எடுத்துக்கொள்ளும். இதில் 125 மட்டும் விதிவிலக்கு, அதற்கு ‘இந்தக் கமிட்டைத் தாண்டு’ என்று பொருள். 127-க்கு மேல் எது வந்தாலும் தேடலையே நிறுத்திவிடும். நாம் தேடும் கிராஷோ 139 அல்லது 134. ஆகவே சிமுலேட்டரை நேராகக் கொடுக்காமல் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்டுக்குள் ஓட்டி, கம்பைல் ஆகாவிட்டால் 125, ஓட்டம் 0 தவிர வேறு எதைத் தந்தாலும் 1 என்று மாற்றித் திருப்புங்கள். லீக்கைத் தேடுகிறீர்கள் என்றால் வால்கிரைண்டுக்கு ‘எரர் எக்ஸிட்கோடு’ விருப்பத்தையும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் லீக் இருந்தாலும் புரோகிராமின் 0-வையே அது திருப்பித் தரும்.

கிடைத்த கமிட்டின் அடையாளம், சுருக்கிய சிமுலேஷன், அதன் சீடு, சானிடைசரின் முழு அறிக்கை ஆகிய நான்கையும் வைத்துப் புகாரைப் பதியுங்கள். ஸ்டேக்கை வெட்டிச் சுருக்காமல் முழுதாக ஒட்டுங்கள். நீங்கள் தேவையில்லை என்று வெட்டும் நடு வரிகளில்தான் விடுவித்தவரின் பெயர் இருக்கும்.